எம்.எல்.ஏ.வுக்குப் பக்கத்தில் ஒரு விஞ்ஞானி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் மாநில சட்டமன்றங்களுக்கு அறிவியல் ஆலோசனை சொல்ல, பல்கலைக்கழகங்களே ஆள் அனுப்புகின்றனவாமே?
– வாசகர், மன்னார்குடி

பதில்: ஆமாம், கலிபோர்னியாவில் நடக்கிறது. அங்கே அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சில் என்று ஓர் அமைப்பு, 1988-ல் சட்டமன்றமே தீர்மானம் போட்டுக் கொண்டுவந்தது. அரசு அலுவலகம் இல்லை, கலிபோர்னியா பல்கலைக்கழகம், ஸ்டான்ஃபோர்டு, கால்டெக் மாதிரியான நிறுவனங்களின் ஆதரவில் நடக்கிறது. 1990-ல் ஒரு பொது வாக்கெடுப்பு, உறுப்பினர்கள் இத்தனை வருடம்தான் பதவியில் இருக்கலாம் என்று வரம்பு வைத்து, சட்டமன்றத்தின் செலவுப் பணத்தையும் வெட்டியதில், விஷயம் தெரிந்த பழைய ஆட்கள் பலர் போய்விட்டார்கள். ஆனால் மசோதாக்கள் குறையவில்லையே! அதனால் 2009-லிருந்து பி.எச்டி. முடித்தவர்களை ஒரு வருடம் மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவில் உறுப்பினர்களுக்கும் சட்டமன்றக் கமிட்டிகளுக்கும் உதவியாக உட்கார வைக்கிறார்கள். கமிட்டிக்கு அனுப்பப்பட்ட விஞ்ஞானிக்கு முக்கியமான வேலை மசோதா பகுப்பாய்வு: இப்போதைய சட்டம் என்ன, இது எதை மாற்றுகிறது, யார் ஆதரவு, யார் எதிர்ப்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். எப்படி ஓட்டுப் போடுவது என்று மட்டும் சொல்லக் கூடாது. அது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன், ஓட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உறுப்பினர்தானே.

கேள்வி: விஞ்ஞானிகள் சொன்னால் அரசியல்வாதிகள் கேட்டுவிடுவார்களா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உடனே கேட்க மாட்டார்கள். ஆனால் கேள்வியையே சரியாகக் கேட்க வைக்க முடியும், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஃப்ராக்கிங், அதாவது அழுத்தத்தில் தண்ணீரும் ரசாயனமும் செலுத்திப் பாறையை உடைத்து எண்ணெய் எடுப்பதைப் பற்றி அங்கே பெரிய சண்டை (டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை). 2013-ல் ஒரு சட்டம், முதலில் யார் பக்கமும் சாராத ஆய்வு வேண்டும் என்றது. அதன்படி இந்தக் கவுன்சில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தோடு சேர்ந்து நடத்திய ஆய்வு 2015-ல் வந்தது. ஃப்ராக்கிங்கால் நேரடியாக வரும் பாதிப்பைவிட, எண்ணெய் எடுக்கும் தொழில் மொத்தத்தால் வரும் பாதிப்புதான் பெரிது என்றது அறிக்கை. கழிவுநீரை அடியில் எந்தத் தடுப்பும் இல்லாத குழிகளில் விட்டு மண்ணுக்குள் இறங்க வைக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னது, வீடுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளைப் பற்றியும் எச்சரித்தது. அந்தக் கிணறுகளில் ஃப்ராக்கிங் நடக்கிறதா இல்லையா என்பது பக்கத்து வீட்டில் மூச்சு விடுகிற குழந்தைக்கு ஒரு பொருட்டே இல்லை. வீடு, பள்ளிக்கூடத்திலிருந்து 3,200 அடிக்குள், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், புதுக் கிணறு கூடாது என்ற சட்டம் 2022-ல்தான் வந்தது. அதுவும் இந்த ஒரு அறிக்கையால் மட்டும் வந்ததில்லை, அங்கே குடியிருக்கும் மக்கள் வருடக்கணக்கில் போராடியிருக்கிறார்கள்.

கேள்வி: ஆட்சி மாறினால் இதையெல்லாம் மூடிவிட மாட்டார்களா?
– வாசகர், சேலம்

பதில்: மூடியிருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்றமே 1972-ல் சட்டம் போட்டுத் தொடங்கிய தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் சுமார் 750 அறிக்கைகள் கொடுத்தது. 1995-ல், தேர்தலில் பெரும்பான்மை மாறிய கையோடு, பணத்தை நிறுத்தி இழுத்து மூடிவிட்டார்கள். கலிபோர்னியாவில் பல்கலைக்கழகங்களின் பணமும் ஆட்களும் பின்னால் இருப்பதால், ஒரே ஒரு பட்ஜெட்டில் அப்படிச் செய்துவிடுவது அவ்வளவு சுலபமில்லை.