அம்மாவின் ரப்பர் ஷீட் பணம் எந்தக் கார்டின் சலுகை?

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன், சம்பளம் 38,000 ரூபாய். குலசேகரம் பக்கத்தில் அம்மா, மனைவி, குழந்தையோடு இருக்கிறேன். பழைய கிரெடிட் கார்டை மாற்ற வேண்டும். கார்டில் மாதம் மளிகைக்கு 8,000, பெட்ரோலுக்கு 3,500, ஆன்லைனில் 2,000 ரூபாய் செலவாகிறது. ஒரு கார்டு ஆன்லைன் செலவில் 5 சதவீதம் திருப்பித் தருகிறது. ஆண்டுக் கட்டணம் 1,000 ரூபாய், 2 லட்சம் செலவழித்தால் அது தள்ளுபடி. டிசம்பரில் டிவி வாங்கினால் 2 லட்சத்தைத் தொட்டுவிடலாம். இன்னொன்று கட்டணமில்லாத ரூபே கார்டு; யுபிஐ வழியாகக் கடையில் கொடுப்பதற்கு 1 சதவீதம் தருகிறது. ஏதாவது மாதம் பில்லுக்குக் குறைந்தால் அம்மா ரப்பர் ஷீட் விற்ற பணத்தில் தந்துவிடுவார்கள் என்பதால் வட்டிப் பிரச்சினை இல்லை. எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, நீங்கள் கேட்டதற்கான பதில் சிறியது. ஆன்லைன் செலவில் ஆண்டுக்கு 1,200 ரூபாய் திரும்பி வரும். ஆண்டுக் கட்டணம் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 1,180 ரூபாய். மிச்சம் 20 ரூபாய். உங்கள் செலவு ஆண்டுக்கு 1,62,000 ரூபாய்தான்; 2 லட்சத்தைத் தொட்டு அந்தக் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காக மீதி 38,000 ரூபாய்க்கு, அதாவது உங்கள் ஒரு மாதச் சம்பளத்துக்கு, டிவி வாங்கப் போகிறீர்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர் எழுதிய கடிதம் இது என்பதை நம்ப எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ரூபே கார்டில் மளிகைக்கு மட்டும் ஆண்டுக்கு 960 ரூபாய் கிடைக்கும். ஆனால் வியாபாரக் கணக்கின் கியூஆருக்கு மட்டுமே அதில் பணம் செலுத்தலாம், வாசலில் மீன் கொண்டுவரும் அம்மாள் தம் சொந்தக் கணக்கின் கியூஆரை நீட்டினால் செல்லாது. பெட்ரோலுக்குப் பெரும்பாலான கார்டுகள் வெகுமதிப் புள்ளி தருவதில்லை. 1 சதவீதக் கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதையே சலுகை என்கிறார்கள். ஆகவே ரூபே கார்டை வாங்குங்கள்.

இனி நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். "அம்மா ரப்பர் ஷீட் விற்ற பணத்தில் தந்துவிடுவார்கள்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஏதாவது மாதம் என்றால் எத்தனை மாதம்? மளிகையையும் பெட்ரோலையும் ரூபாய் சுத்தமாக எழுதத் தெரிந்த உங்களுக்கு, அம்மாவிடம் வாங்கிய தொகையை மட்டும் எழுதத் தோன்றவில்லை. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய் வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து வந்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, உருளையில் அடித்துக் காயப்போடுகிற ஷீட் அது. வெட்டுவதற்கு ஆள் வைத்திருந்தாலும் கூலி போக நிற்பதுதான் அவர்கள் கைக்கு வரும். மழை பெய்தால் வெட்டு இல்லை, இலை உதிரும் காலத்திலும் இல்லை. அந்த நாள்களுக்காக அவர்கள் ஒதுக்கி வைப்பதைத்தான் உங்கள் பில் எடுத்துக்கொண்டு போகிறது.

வட்டிப் பிரச்சினை இல்லை என்கிறீர்கள். பில்லில் 10,000 ரூபாயை நிறுத்திவைத்தால், மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 350 ரூபாய் வட்டியும் அதற்கு 63 ரூபாய் ஜிஎஸ்டியும் சேரும். அதோடு வட்டியில்லாத நாள்களும் பறிபோய், அடுத்து வாங்குகிற பொருளுக்கு வாங்கிய அன்றே வட்டி தொடங்கும். இத்தனையும் உங்கள் தலையில் விழாமல் அம்மா தடுத்திருக்கிறார்கள், நீங்களோ 5 சதவீதத்துக்கும் 1 சதவீதத்துக்கும் இடையில் நின்று யோசிக்கிறீர்கள். சம்பாதிக்கிற மகன் வீட்டுக்குக் கொடுக்க வேண்டியவன் என்று நம்புகிற பழைய தலைமுறைக்காரி நான். கொடுக்க முடியாத மாதத்தில் எடுக்காமலாவது இருக்க வேண்டாமா?

புது கார்டு வந்ததும் அதன் உச்சவரம்பை 15,000 ரூபாயாகக் குறைக்கச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுங்கள். முழு பில் தொகையும் சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி செய்யுங்கள். குறைந்தபட்சத் தொகை என்ற கட்டத்தைத் தொடாதீர்கள். கணக்கில் பணம் இல்லாத மாதத்தில் ஆன்லைனில் ஒன்றும் வாங்க வேண்டாம். டிவியும் வேண்டாம். ஷீட் கடையில் எடை போட்டுக் கொடுத்த துண்டுச் சீட்டுகளை அம்மா எங்காவது செருகி வைத்திருப்பார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவற்றை எடுத்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தச் சீட்டின் பணம் உங்கள் பில்லுக்குப் போனது என்று கேட்டுக் கூட்டுங்கள். வரும் தொகையை மாதத் தவணையாகப் பிரித்து, இலை உதிர்ந்து வெட்டு நிற்பதற்குள் கொடுத்து முடியுங்கள். "வேண்டாம் மக்களே" என்பார்கள்; மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.