பதில்: குடும்பத்தோடு முதல் கப்பல் பயணம், குமட்டல் பயம்

19 வயது, அப்பா அம்மாவோடு ஏழு நாள் குரூஸ், பஸ்ஸிலேயே குமட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அறையைப் பாருங்கள். கப்பல் தராசுத் தட்டு மாதிரி முன்னும் பின்னும் ஏறி இறங்கும். அசைவு குறைவாகத் தெரிவது நீளவாக்கில் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில். மேல்தளத்து முன்பக்க பால்கனி அறை போட்டோவுக்கு அழகு, வயிற்றுக்கு ஆகாது. பக்கவாட்டு ஆட்டத்தை, கப்பலின் இருபுறமும் நீருக்கடியில் நீளும் ஸ்டெபிலைசர் துடுப்புகள் நன்றாகவே குறைக்கும். முன்பின் ஆட்டத்தை அவ்வளவாகக் குறைக்காது.

குமட்டலைத் தடுக்கும் மெக்லிசின் மாத்திரை என்றால் ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே போடவேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்: குமட்டல் வந்தபின் விழுங்கினால் வாந்தியில் போய்விடும். தூக்கம் வரும், மதுவோடு சேர்க்கக் கூடாது. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் (இதுவும் குமட்டல் தடுக்கும் மருந்து) பட்டைக்கு டாக்டர் சீட்டு வேண்டும். 4 மணி நேரம் முன்பே ஒட்டினால் 3 நாள் தாங்கும். ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் கண்மணி விரிந்து பார்வை மங்கும்.

தலை சுற்றினால் அறைக்குள் படுத்து மொபைல் பார்க்காதீர்கள். உள்காது ஆட்டத்தை உணர்கிறது, கண்ணோ சுவர் அசையவில்லை என்கிறது. அந்த முரண்தான் குமட்டல். வெளித்தளத்துக்குப் போய் அடிவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறும் ஆகாது, உப்பு பிஸ்கட் கொறியுங்கள்.

மொபைல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கரை விட்டதும் ஏர்பிளேன் மோடு, பிறகு வைஃபை மட்டும். இல்லையென்றால் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைத் தானாகப் பிடித்து ரோமிங் பில் எகிறும்.