சிலை முகமும் பாட்டி முகமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் படங்களைப் பார்த்துப் பழகி, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டியின் முகத்தை அக்ரிலிக்கில் வரைகிறேன். ஒவ்வொரு முறையும் பொம்மை முகமாகிவிடுகிறது. எங்கே தவறு?
– வாசகி, பீடோர், மலேசியா

பதில்: சிலையின் கண்ணையும் உதட்டையும் எடுத்துப் பாட்டிக்கு ஒட்டியிருப்பீர்கள். எடுக்க வேண்டியது கணக்கை. சிற்ப மரபில் முகம் 12 அங்குலம்: நெற்றி 4, மூக்கு 4, மூக்கடியிலிருந்து மோவாய் வரை 4. இது இஞ்சு அல்ல, அந்த முகத்திலேயே 12-ல் ஒரு பங்கு. கேன்வஸில் முகம் 24 செ.மீ. என்றால் ஓர் அங்குலம் 2 செ.மீ. இந்தக் கோடுகளைப் பென்சிலில் மெல்லப் போட்டுவிட்டுப் பாட்டியின் படத்தோடு ஒப்பிடுங்கள். பல் விழுந்த முகத்தில் கடைசிப் பங்கு மூன்றரையாகச் சுருங்கியிருக்கும். அந்த அரை அங்குலத்தில்தான் பாட்டி இருக்கிறார். அதைச் 'சரி' செய்துவிடாதீர்கள்!

ஓவியர் பிக்காசோ 1906-ல் அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் அம்மையாரைப் பலமுறை உட்காரவைத்தும் பிடிபடாமல் முகத்தை அழித்தார். பிறகு ஸ்பெயின் பகுதியின் பழைய ஐபீரியக் கற்சிலைகளின் தாக்கத்தில், அவர் எதிரில் இல்லாமலே வரைந்து முடித்தார். கனத்த இமை, செதுக்கியது போன்ற கன்னம். ஆனாலும் அது ஸ்டைனின் முகம்தான்.

அடுத்தது வெளிச்சம். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் நிழல் செத்துவிடும். ஒரே விளக்கை முகத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் வைத்து எடுங்கள். வெளிச்சம், நடு, நிழல் என்று மூன்றே அடர்த்தியில் தளம் தளமாகப் பூசுங்கள். சுருக்கங்கள் கடைசியில்தான். முதலிலேயே போட்டால் வெறும் கோடாக நிற்கும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், மாநிறம் சாம்பல் பூத்துவிடும். பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பில் கொஞ்சம் அல்ட்ராமரீன் நீலம் போதும். அக்ரிலிக் காய்ந்தால் சற்றுக் கருக்கும். அதனால் ஓரத்தில் தடவி, காயவிட்டுப் பார்த்த பிறகு பூசுங்கள்.

கேள்வி: படத்தில் அல்லாமல் நேரில் பார்க்க, நம் நாட்டில் பழஞ்சிலை உண்டா?
– அதே வாசகி

பதில்: உங்கள் ஊரிலேயே கிடைத்தது உண்டு! 1936-ல் பீடோர் ஈயச் சுரங்கத்தில் அவலோகிதேஸ்வரர் என்ற போதிசத்துவரின் (பௌத்தத் திருவுரு) எட்டுக் கை வெண்கலச் சிலை ஒன்று வெளிப்பட்டது. கோலாலம்பூர் தேசிய அரும்பொருளகத்தில் பாருங்கள். நேர், முக்கால், பக்கவாட்டு என மூன்று கோணத்தில் பத்துப் பத்து நிமிடம் வரையுங்கள். இமைக்கு ஒரு தடிப்பு உண்டு என்பது பக்கவாட்டில் நிற்கும்போதுதான் தெரியும். அந்த விளிம்பை விட்டால் கண் காகிதத்தில் வெட்டி ஒட்டியது போலிருக்கும்.