வைஃபை இணைந்திருக்கிறது, இணையம் வரவில்லை: கைப்பேசியை அழிக்கும் முன் செய்து பாருங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இது: வீட்டு வைஃபையில் உங்கள் கைப்பேசி இணைந்துவிட்டதாகக் காட்டுகிறது. ஆனால் பல நேரங்களில் எந்தப் பக்கமும் திறப்பதில்லை. சில சமயம் தானாகவே துண்டித்துக்கொள்கிறது. வீட்டிலுள்ள மற்றவர்களின் கைப்பேசிகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆகவே எல்லாவற்றையும் அழித்து, வாங்கிய நாளில் இருந்த நிலைக்கே கொண்டுபோய்விடலாமா?

வேண்டாம். அதில் இன்றைக்குக் கை வைக்காதீர்கள். அழித்த பிறகு கோளாறு போனாலும் ஏன் போனது என்று தெரியாது. போகவில்லை என்றால் கோளாறும் மிஞ்சும், படங்களும் உரையாடல்களும் போயிருக்கும். கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை முதலில் பிடித்துவிட்டால், பெரும்பாலும் ஓரிரு நிமிட வேலைதான்.

இதை நான் அப்பாவின் கைப்பேசியில் கற்றுக்கொண்டேன். வீட்டில் பழைய ரவுட்டர் செத்துப்போய்ப் புதியது வந்தது. யாருடைய கைப்பேசியிலும் எதையும் மாற்ற வேண்டியிருக்கக் கூடாது என்று பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் அப்படியே புதியதற்குக் கொடுத்தேன். எல்லாக் கைப்பேசிகளும் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. அப்பாவுடையதும்தான் ஒட்டிக்கொண்டது. சிக்னல் கோடுகள் முழுதாக இருந்தன. பக்கத்தில் மட்டும் ஒரு சிறு ஆச்சரியக்குறி, இணையம் இல்லை. கைப்பேசியை அணைத்துப் போட்டேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன், ஒரு மாலைப் பொழுது முழுவதும் அதிலேயே போனது. கடைசியில் அம்மாவின் கைப்பேசியை வாங்கி அப்பாவுடையதன் பக்கத்தில் மேசைமேல் வைத்தேன். இரண்டிலும் அந்த வைஃபையின் விவரப் பக்கத்தைத் திறந்து, வரி வரியாக ஒப்பிட்டுப் படித்தேன்.

ஐபி முகவரி என்பது நெட்வொர்க்கில் கைப்பேசிக்குரிய எண், நுழைவாயில் என்பது வெளியே போகும் வழியான ரவுட்டரின் எண். அம்மாவுடையதில் ஐபி முகவரி 192.168.0.14, நுழைவாயில் 192.168.0.1. அப்பாவுடையதில் ஐபி முகவரி 192.168.1.50, நுழைவாயில் 192.168.1.1. அவ்வளவுதான் விஷயம். எப்போதோ ஒரு முறை அந்தக் கைப்பேசியில் ஐபி முகவரியைத் தானாகப் பெறாமல் கையால் நிலையாக எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய ரவுட்டரின் முகவரி 192.168.1.1, புதியதன் முகவரி வேறு. பெயர் ஒன்றாக இருந்ததால் அப்பாவின் கைப்பேசி பழைய குறிப்பையே நம்பி, வீட்டில் இல்லாத ஒரு வாசலைத் தட்டிக்கொண்டே இருந்தது. ‘நிலையானது’ என்றிருந்ததை ‘டிஹெச்சிபி’ (ரவுட்டரிடமிருந்து முகவரியைத் தானாகப் பெறும் முறை) என்று மாற்றியதும் ஆச்சரியக்குறி மறைந்தது.

அந்த நெட்வொர்க்கை மறக்கச் செய்து, கடவுச்சொல்லை மீண்டும் கொடுத்து இணைத்திருந்தாலும் சரியாகியிருக்கும். நீங்களும் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். வைஃபை பட்டியலில் உங்கள் நெட்வொர்க்கின் பெயருக்குள் போனால் ‘மற’ அல்லது ‘அகற்று’ என்று ஒரு தேர்வு இருக்கும். கடவுச்சொல் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அதை அழுத்துங்கள். பிறகு கைப்பேசியை ஒரு முறை அணைத்துப் போட்டு, புதிதாக இணையுங்கள். இதிலேயே தீர்ந்துவிட்டால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

தீரவில்லை என்றால், ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வைஃபையில் இணைவது வேறு, இணையம் கிடைப்பது வேறு. திரையின் மேல் தெரியும் வைஃபை குறி, கைப்பேசிக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள சில அடி தூரத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அதற்கு அப்பால் முகவரி கிடைக்க வேண்டும், இணையதளத்தின் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் பதில் சொல்ல வேண்டும், ரவுட்டரிலிருந்து வெளியே போகும் இணைப்பு உயிரோடு இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசி வைஃபையில் சேர்ந்தவுடன் வெளியே ஒரு சர்வரிடம் மிகச் சிறிய கோரிக்கை ஒன்றை அனுப்பிச் சோதித்துப் பார்க்கும். பதில் வராவிட்டால்தான் ‘இணையம் இல்லை’ என்று எழுதுகிறது. ஆக அந்த வாசகம் வந்தால் கடவுச்சொல்லும் சிக்னலும் சரியாகவே இருக்கக்கூடும். அவற்றைத் திரும்பத் திரும்பக் குடைவதில் பயனில்லை.

இப்போது இரண்டு சோதனைகள். இரண்டையும் செய்யாமல் எந்த அமைப்பையும் மாற்றாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

‘மற்றவர்களின் கைப்பேசிகளுக்கு ஒரு குறையும் இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே வைத்துப் பார்த்தபோது? கூடத்தில் ரவுட்டருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் கைப்பேசியையும், இரண்டு சுவர் தாண்டிப் படுக்கையறையில் இருக்கும் உங்களுடையதையும் ஒப்பிட்டால் அது ஒப்பீடே இல்லை. வேலை செய்யும் ஒரு கைப்பேசியை உங்களுடையது துண்டிக்கப்படும் அதே இடத்தில், அதே நேரத்தில், பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். அதுவும் திணறினால் குற்றம் இடத்தின்மீது. அது ஓட, உங்களுடையது மட்டும் நின்றால் குற்றம் உங்கள் கைப்பேசியில், அல்லது உங்கள் கைப்பேசியை ரவுட்டர் நடத்தும் விதத்தில்.

அடுத்தது, வேறொருவரின் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, உங்கள் கைப்பேசியை அதில் இணையுங்கள். அரை மணி நேரம் வழக்கம்போல் பயன்படுத்துங்கள். ஒரு தடங்கலும் இல்லை என்றால் உங்கள் கைப்பேசியின் வைஃபை பாகம் ஆரோக்கியமாக இருக்கிறது. சிக்கல் உங்கள் வீட்டு ரவுட்டருடன் அதற்குள்ள உறவில் மட்டும். ஹாட்ஸ்பாட்டிலும் அதே தொல்லை என்றால் கைப்பேசியையே ஆராய வேண்டும். இந்த ஒரு சோதனை எத்தனையோ வீண் அலைச்சலைத் தவிர்த்திருக்கிறது. வீட்டுக்கு வெளியே போகாமல், எதையும் அழிக்காமல் செய்யக்கூடியது.

ஹாட்ஸ்பாட்டில் நன்றாக ஓடி, வீட்டில் மட்டும் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நான் அப்பாவின் கைப்பேசியில் செய்ததைச் செய்யுங்கள்: இரண்டு கைப்பேசிகளின் விவரப் பக்கங்களை அருகருகே வைத்துப் படியுங்கள். நுழைவாயில் எண் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐபி முகவரியின் முதல் மூன்று பகுதிகள் பொதுவாக ஒன்றாகவும், கடைசி எண் மட்டும் வேறாகவும் இருக்கும். கடைசி எண்ணும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே முகவரிக்குச் சண்டை போடுகின்றன. இணைப்பு வருவதும் போவதுமாக இருப்பதற்கு அதுவே போதும். முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி தரவேயில்லை, கைப்பேசி தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள். ஐபோன்களில் இதை நேரடியாகவே பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் ‘ஐபி முகவரி பெறப்படுகிறது’ என்ற வரியிலேயே நின்று, பிறகு துண்டித்துவிடும். ரவுட்டர் தன்னிடமுள்ள முகவரிகளையெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டாலும் இப்படி ஆகும். ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

முகவரி சரியாக இருக்கிறதா? அடுத்து, பிரவுசரில் அந்த நுழைவாயில் எண்ணையே தட்டச்சு செய்யுங்கள். பாதுகாப்பற்ற பக்கம் என்று எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம், அது உங்கள் வீட்டு ரவுட்டர்தான். அதன் நுழைவுப் பக்கம் திறந்தால் கைப்பேசியிலிருந்து ரவுட்டர் வரை பாதை தெளிவு. தடை அதற்கு அப்பால்.

அப்பால் என்று வந்துவிட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது விபிஎன்னையும் (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் வசதி) தனிப்பட்ட டிஎன்எஸ்ஸையும்தான். விளம்பரங்களைத் தடுக்க என்று எப்போதோ ஒரு செயலியை நிறுவியிருப்போம். அது பின்னணியில் விபிஎன் போல் உட்கார்ந்துகொண்டு எல்லாப் போக்குவரத்தையும் தன் வழியாகவே விடும். அது முடங்கினால் இணையமும் முடங்கும். தனிப்பட்ட டிஎன்எஸ் என்பது டிஎன்எஸ் கேள்விகளைப் பிறர் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்ப 2018இல் ஆண்ட்ராய்டு 9உடன் வந்த வசதி. அதில் ‘தானியங்கு’ என்று இருந்தால் ஒரு வழி அடைபட்டாலும் பழைய வழியில் போய்விடும். குறிப்பிட்ட ஒரு சேவையின் பெயரை எழுதி வைத்திருந்தால் அப்படியில்லை: அந்தச் சேவை எட்டவில்லை என்றால் கைப்பேசி வேறெங்கும் கேட்காது, எல்லாமே நின்றுவிடும். இந்த டிஎன்எஸ் பொதுவாக 853ஆம் எண் போர்ட் என்ற தனித் தடத்தின் வழியாகப் போகிறது. சில நெட்வொர்க்குகள் அதை அடைத்துவிடுகின்றன. மொபைல் டேட்டாவில் ஓடும் கைப்பேசி வீட்டு வைஃபையில் மட்டும் ஊமையாக இருப்பதற்கும், அதே வீட்டில் மற்ற கைப்பேசிகள் ஓடுவதற்கும் இது ஒரு கச்சிதமான காரணம். விபிஎன்னை அணையுங்கள், தனிப்பட்ட டிஎன்எஸ்ஸை ‘தானியங்கு’க்கு மாற்றுங்கள், உடனே தெரிந்துவிடும்.

யாராவது ரவுட்டரில் ‘இந்தக் கருவிகளை மட்டும் அனுமதி’ என்று பட்டியல் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்ற அடையாள எண் உண்டு. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும் கைப்பேசிகள் தங்கள் உண்மையான எண்ணை மறைத்து, ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் வேறொரு எண்ணைக் காட்டுகின்றன. தனியுரிமைக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் உண்மையான எண்ணை வைத்துப் பட்டியல் போட்டிருந்தால் ரவுட்டர் உங்களை அந்நியராக எண்ணித் தடுக்கும். வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் கருவியின் உண்மையான எண்ணைப் பயன்படுத்தும்படி அமைக்கலாம். தேதியும் நேரமும் தானாக அமையும்படி இருக்கின்றனவா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். தேதி தவறினால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களைக் கைப்பேசி ஏற்காது.

இனி, தானாகத் துண்டித்துக்கொள்ளும் தொல்லை. துண்டிப்பு எப்போது நடக்கிறது என்பதுதான் துப்பு. திரை அணைந்திருக்கும்போது மட்டுமா? அப்படியென்றால் பேட்டரி சேமிப்பு முறையை அணைத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள். குறிப்பிட்ட அறைக்குப் போகும்போதா? சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போதா? அந்த அடுப்பு ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது, வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் புளூடூத்தும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் இந்த இரைச்சலிலிருந்து தப்பலாம். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டும்போது அதிகம் தேய்ந்துபோகும். பல ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரை வைக்கின்றன. கைப்பேசி எல்லைப் பகுதியில் நிற்கும்போது இதற்கும் அதற்கும் தாவும், தாவும் நொடியில் அழைப்பு அறுபடும். ஒரு சோதனைக்காக இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, உங்கள் கைப்பேசியை ஒன்றில் மட்டும் ஒரு நாள் வைத்திருங்கள். மறுநாள் மற்றதில்.

சிக்னல் கோடுகளை முழுதாக நம்ப வேண்டாம். ரவுட்டர் பேசுவது கைப்பேசிக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதைத்தான் அவை காட்டுகின்றன. கைப்பேசி பேசுவது ரவுட்டருக்குக் கேட்கிறதா என்று காட்டுவதில்லை. கைப்பேசியின் குரல் பொதுவாக ரவுட்டரின் குரலைவிடச் சன்னமானது. அதனால்தான் கோடுகள் தாராளமாக இருந்தும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வைஃபை ஆய்வுச் செயலி ஒன்று இருந்தால் சிக்னலின் வலிமையை டிபிஎம் என்ற அளவில் எண்ணாகவே பார்க்கலாம். மைனஸ் 50 அருகே மிக நன்று. மைனஸ் 67 வரை காணொளி அழைப்புக்குத் தாங்கும். மைனஸ் 80ஐ நெருங்கினால் இணைப்பு எப்போது வேண்டுமானாலும் அறுந்துவிடும். எண்ணைப் பார்த்துக்கொண்டே ரவுட்டரிலிருந்து உங்கள் அறைவரை மெல்ல நடந்து பாருங்கள். எந்தக் கதவைத் தாண்டும்போது எண் சரிகிறது என்று கண்ணால் காணலாம். கைப்பேசியின் உறையையும் கழற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். ஆன்டெனாக்கள் பெரும்பாலும் கைப்பேசியின் விளிம்புகளை ஒட்டி இருப்பதால், உலோகப் பட்டை கொண்ட உறை அவற்றை மூடிவிடுகிறது.

இத்தனைக்கும் பிறகு காரணம் பிடிபடவில்லை என்றால், முழு அழிப்புக்குப் பதிலாக நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் மீட்டமையுங்கள். ஐபோனில் அது ‘பொது’ என்ற பகுதியின் அடியில், மீட்டமைப்புத் தேர்வுகளுக்குள் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ‘சிஸ்டம்’ பகுதியின் மீட்டமைப்புத் தேர்வுகளுக்குள் இருக்கும். சில தயாரிப்புகளில் இடம் சற்று மாறும், அமைப்புகளின் தேடல் பெட்டியில் தேடினால் கிடைத்துவிடும். படங்களுக்கும் உரையாடல்களுக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்களும் புளூடூத் இணைப்புகளும் போய்விடும், ஆகவே கடவுச்சொற்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகும் ஹாட்ஸ்பாட் சோதனையில், இரண்டடி தூரத்தில், உறை கழற்றிய நிலையில் சிக்னல் மைனஸ் 75, 80 என்று காட்டினால் அமைப்புகளில் தேட இனி ஒன்றுமில்லை. கீழே விழுந்தோ, திரை மாற்றும்போதோ ஆன்டெனா இணைப்பு உள்ளே கழன்றிருக்க வாய்ப்பு அதிகம். எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு பழுது நீக்குபவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது ‘வைஃபை வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், நீங்கள் குறித்து வைத்த அந்த எண்ணையும், எவ்வளவு தூரத்தில் பார்த்தது என்பதையும் சொல்லுங்கள்.