குவைட்டோ: கனம் எங்கிருந்து வருகிறது?

வணக்கம் ஐயா,

சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாண பேண்டில் கீபோர்டு வாசிக்கிறேன். தொண்ணூறுகளின் குவைட்டோ குழுவான பூம் ஷாக்காவின் பாட்டு வேண்டும் என்று கேட்பவர்கள் நிறைய. ஹவுஸ் என்ற கிளப் ஆட்ட இசையை மெதுவாக்கினால் தென்னாப்பிரிக்காவின் குவைட்டோ என்றார்கள். நிமிடத்துக்கு 120 அடி என்ற டெம்போவை 110 ஆக்கி வாசித்தால் ஆடுகிறவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஏன்? அவ்வளவு புகழ்பெற்ற குழு ஏன் நீடிக்கவில்லை?

– வாசகர், டர்பன்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் டெம்போவை மட்டும் குறைத்திருக்கிறீர்கள். டிஜே இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளில் அப்படி நடக்காது. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2வின் வேகத்தை மாற்றும் பிட்ச் கட்டையை முழுக்க மைனஸ் பக்கம் தள்ளினால் வேகம் 8 சதவீதம் குறைந்து 120 என்பது ஏறக்குறைய 110 ஆகும். கூடவே சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் (கீபோர்டில் அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளி ஒரு செமிடோன்) இறங்கும், தாளத்தின் அடியைத் தரும் கிக் டிரம்மின் அதிர்வும் நீளும். கனம் அதில்தான் இருக்கிறது. கீபோர்டின் டெம்போ பட்டன் இவற்றைத் தொடுவதில்லை. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 500 மில்லிசெகண்ட் இருந்தது 545 ஆகிறது, அவ்வளவுதான். அந்த இடைவெளி காலியாகக் கிடக்கிறது.

காலி இடத்தைக் கண்டால் டோலக்காரர் கை சும்மா இருக்காது. அவர் துரிதமாக உருட்டினால் மெதுவான பாட்டுக்குள் இன்னொரு வேகமான பாட்டு ஓடும். இரண்டு கிக்குக்கும் நடுவில் மட்டும் தட்டச் சொல்லுங்கள். நிரப்ப வேண்டியது பேஸ், அதாவது கீழ்ச்சுர வரி. அதன் ரிலீஸை, அதாவது கட்டையை விட்டபின் ஒலி அடங்கும் நேரத்தைக் கூட்டுங்கள், ஆனால் அடுத்த கிக் விழுமுன் அடங்கிவிட வேண்டும். மண்டப ஸ்பீக்கரில் இரண்டும் மோதினால் வெறும் இரைச்சல்தான். கீபோர்டு முழுவதன் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸை ஒன்றோ இரண்டோ செமிடோன் இறக்குங்கள். பாடகிக்குக் கீழ்ச்சுரம் எட்டாவிட்டால் கிக்கின் சுருதியை மட்டும் இறக்கினால் போதும்.

பூம் ஷாக்கா நீடிக்கவில்லை என்பதை நான் ஒப்பமாட்டேன். முதல் வெளியீடு 1993இல், ‘பம்பனானி’ 2000இல். ஆட்டக் குழுவுக்கு ஏழு ஆண்டு நீண்ட ஆயுள். குழுவின் பாடகிகள் லெபோ மதோசா, தெம்பி சீட்டே இருவரும் 1977இல் பிறந்தவர்கள்; தொடங்கியபோது பள்ளி வயது. ஜூனியர் சொகேலாவும் தியோ ந்லெங்கெத்வாவும் கோஷம் போட, பெண்கள் பாடினார்கள். உங்கள் பேண்டிலும் முழுப் பாட்டை ஒருவரே பாட வேண்டாம், பின்னால் இரண்டு ஆண் குரல் வேண்டும். 2000இல் லெபோ தனி ஆல்பம் போட்டார், தெம்பி நடிப்புக்குப் போனார். முகங்களை நம்பி நிற்கும் குழுவில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். 2006 அக்டோபரில் லெபோ கார் விபத்தில் இறந்தார். அந்த நால்வர் மறுபடி சேர வழியில்லாமல் போனது.

தென்னாப்பிரிக்க தேசிய கீதத்தை அவர்கள் ஆட்டத் தாளத்தில் பாடிக் கண்டனம் வாங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். யார் கேட்டாலும் கல்யாண மேடையில் அதைத் தொடாதீர்கள். பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள், மீதிப் பேர் ஆடுவார்கள்.