பின் கண்ணாடி நொறுங்கிய கார்: எங்கே மாற்றுவது, யார் செலவில் மாற்றுவது?

கேள்வி: என்னிடம் 2022 மாடல் டாடா நெக்ஸான் பெட்ரோல் கார் இருக்கிறது. தோப்பில் நிறுத்தியிருந்தபோது தென்னை மட்டை விழுந்து பின் கண்ணாடி முழுவதும் நொறுங்கிவிட்டது. டிக்கி கதவில் லேசான கீறல் மட்டும்தான். கோவையில் உள்ள சர்வீஸ் சென்டரில் கண்ணாடி வர ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். வெளியே ஒரு கண்ணாடிக் கடைக்காரர், "இன்றைக்கே மாட்டித் தருகிறேன், விலையும் குறைவு" என்கிறார். யாரிடம் கொடுப்பது? இதுவரை கிளெய்ம் எதுவும் போட்டதில்லை, என்.சி.பி. (கிளெய்ம் போடாததற்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) 35 சதவீதம் இருக்கிறது. இன்ஷூரன்ஸில் போடலாமா? கோவை வரை இப்படியே ஓட்டிப் போகலாமா?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: கடைசிக் கேள்வியில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. பின் கண்ணாடி இல்லாமல் ஓடும் காரில் மழையும் தூசும் வருவதோடு இன்னொன்றும் நடக்கும். கார் முன்னால் போகும்போது அதன் பின்புறம் காற்றழுத்தம் குறைகிறது. சைலன்ஸரிலிருந்து வரும் புகை அங்கேயே சுழன்று, கண்ணாடி இல்லாத திறப்பு வழியாக உள்ளே இழுக்கப்படும். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எனவே திறந்தபடி ஓட்டாதீர்கள். கெட்டியான பாலித்தீன் ஷீட்டை இரண்டு மடிப்பாக வைத்து நன்றாக மூடுங்கள். பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப் போதும். பழுப்பு நிற பார்சல் டேப்பைப் பெயின்ட் மேல் ஒட்டி வெயிலில் விட்டால் பசை அப்படியே பிடித்துக்கொள்ளும். ஏ.சி.யை ரீசர்க்குலேஷனில் வைக்காமல் வெளிக்காற்று வரும்படி வைத்து, ஃபேனைக் கூட்டி, மெதுவாக ஓட்டினால் கோவைக்குப் போய்ச் சேரலாம். பின் இருக்கையில் யாரும் வேண்டாம், குழந்தைகள் கண்டிப்பாக வேண்டாம்.

கிளம்பும் முன் இரண்டு வேலைகள். சுத்தம் செய்வதற்கு முன்பே எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மட்டை கிடக்கும் இடத்தோடு சேர்த்து. அடுத்தது, கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் டிஃபாகருக்கு (கண்ணாடியில் படரும் பனியைச் சூடாக்கிப் போக்கும் மெல்லிய கோடுகள்) வந்துகொண்டிருந்த வயர் முனைகள் இப்போது தொங்கிக்கொண்டிருக்கும். அவை டிக்கி கதவின் இரும்பில் பட்டால் ஃபியூஸ் போகும். இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டு, டிஃபாகர், பின் வைப்பர் இரண்டின் சுவிட்சையும் தொடாமல் இருங்கள்.

ஒட்டிச் சரிசெய்ய முடியுமா என்று இதே நிலையில் பலர் கேட்பார்கள். முடியாது. முன் கண்ணாடி லேமினேட்டட் வகை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கும், கல் பட்டால் விரிசல் விட்டு அப்படியே நிற்கும், சின்னக் காயத்தை ரெசின் ஊற்றி அடைக்கலாம். பின் கண்ணாடி டெம்பர்டு வகை. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, குளிர்ந்த காற்றை வேகமாக அடித்து ஆறவைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும், உட்பகுதி பிறகு ஆறும்போது அதை உள்நோக்கி இழுக்கும். இப்படி அழுத்தத்தில் இருக்கும் மேற்பரப்புதான் அதன் பலம். எங்காவது ஓர் இடத்தில், குறிப்பாக ஓரத்தில், அந்த இறுகிய மேற்பரப்பு உடைந்தால் மொத்தமும் ஒரே நொடியில் மணி மணியாகக் கொட்டிவிடும். மனிதரைக் கிழிக்கும் நீளமான சில்லுகள் வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

இதிலிருந்து உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் விஷயம் ஒன்று உண்டு. டெம்பர் செய்த கண்ணாடியை அதன் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. ஆகவே வைப்பருக்கு ஓட்டை வேண்டுமென்றால் அது தொழிற்சாலையிலேயே போட்டு வந்திருக்க வேண்டும். டிஃபாகர் கோடுகளும் அப்படித்தான், வெள்ளி கலந்த பேஸ்டை அச்சடித்து கண்ணாடியோடு சேர்த்துச் சுட்டிருப்பார்கள். ஒரே மாடல் காரில் கீழ் வேரியன்ட்டுக்கு ஒரு கண்ணாடியும் மேல் வேரியன்ட்டுக்கு வேறொன்றும் வருவது சகஜம். "இன்றைக்கே" என்று சொல்பவரிடம் இருப்பது உங்கள் வேரியன்ட்டின் கண்ணாடிதானா? முதலில் அதைக் கேளுங்கள். மாடல் பெயரைச் சொல்லிக் கேட்பதை விட ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்ட் எண்ணைச் சரிபார்க்கச் சொல்வது நல்லது. "டிஃபாகர் இல்லாதது இருக்கிறது, கோயம்புத்தூர் வெயிலுக்கு அது எதற்கு" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வால்பாறைக்கோ ஊட்டிக்கோ மழைக்காலத்தில் ஏறிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கண்ணாடியின் தரத்தைப் பார்ப்பது எளிது. கீழ் மூலையில் தயாரிப்பாளர் முத்திரை, ஐ.எஸ்.ஐ. குறி, ஐ.எஸ். 2553 என்ற தர எண், டெம்பர்டு என்ற குறிப்பு இவை சுட்டுப் பதித்திருக்கும். ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் வேண்டாம். நம் நாட்டுக் கார்களுக்குப் பெரும்பாலும் கண்ணாடி செய்பவர்கள் ஏ.ஐ.எஸ். என்கிற ஆசாஹி இந்தியாவும் செயின்ட் கோபைன் செக்யூரிட்டும். கார் கம்பெனியின் லோகோ இல்லாமல் இவர்கள் முத்திரை மட்டும் போட்டு வெளிச்சந்தையில் வரும் கண்ணாடியைத் தாராளமாக வாங்கலாம். கம்பெனி லோகோவுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

நான் கவலைப்படுவது கண்ணாடியைப் பற்றி அல்ல, அதை ஒட்டும் வேலையைப் பற்றி. நல்ல கண்ணாடியை மோசமாக ஒட்டினால் முதல் மழையிலேயே தண்ணீர் டிக்கிக்குள் இறங்கி, ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தில் தேங்கும். பல மாதம் கழித்து வாடை வந்த பிறகுதான் தெரியும்.

கடையில் நின்று பாருங்கள். டிக்கி கதவின் ஓரத்தில் பழைய கறுப்புப் பசை ரப்பர் போலப் படிந்திருக்கும். விவரம் தெரிந்தவர் அதை இரும்பு தெரியும் வரை சுரண்ட மாட்டார். கூர்மையான கத்தியால் சீவி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அடுக்கை விட்டுவைப்பார். கம்பெனியில் பெயின்ட்டோடு பிடித்திருக்கும் அந்த அடுக்குதான் புதுப் பசைக்குச் சிறந்த அடித்தளம். கத்தி பட்டு எங்காவது இரும்பு தெரிந்தால் அந்த இடத்தில் பிரைமர் தடவ வேண்டும், இல்லையென்றால் பசைக்கு அடியிலேயே துரு ஓடும். புதுக் கண்ணாடியின் கறுப்பு ஓரப் பட்டையைத் துடைத்து, அங்கும் பிரைமர் பூசி, காயவிட வேண்டும். பூசிய இடத்தில் கை படக் கூடாது, விரலின் எண்ணெய்ப் பசை போதும் ஒட்டாமல் போக. அந்தக் கறுப்புப் பட்டை அழகுக்கு வைத்தது அல்ல. உள்ளே இருக்கும் பசை வெயிலில் கெட்டுப்போகாமல் காப்பது அதுதான்.

பசை பி.யூ. என்று சொல்லப்படும் பாலியூரிதேனாக இருக்க வேண்டும். டியூபின் மேல் காலாவதி தேதி இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். சிலர் ஜன்னலுக்கு அடிக்கும் சிலிக்கானைப் போட்டுவிடுவார்கள். கண்டுபிடிக்க மூக்கே போதும்: வினிகர் மாதிரி புளித்த வாடை அடித்தால் அது சிலிக்கான். அந்த அமிலம் இரும்பை அரிக்கும். அது படிந்த இடத்தில் பிறகு பி.யூ. சரியாக ஒட்டவும் ஒட்டாது, அடுத்தவர் வந்து திருத்துவதும் கஷ்டம். அந்த வாடை வந்தால் வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒட்டி முடித்ததும் காரை எடுக்கலாமா? எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பசைக்குப் பசை மாறும், டியூபின் உறையில் எழுதியிருக்கும். பி.யூ. காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு வெளியிலிருந்து உள்ளே மெல்ல மெல்ல இறுகும். என் யோசனை, இரவு முழுவதும் கடையிலேயே விட்டு மறுநாள் எடுங்கள். கண்ணாடி நகராமல் இருக்க ஒட்டியிருக்கும் டேப்பை ஒரு நாள் கழித்துப் பிரிக்கலாம். முதல் இரண்டு நாள் ஏதாவது ஒரு ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது கதவைப் படாரென்று சாத்தினால் உள்ளே அடைபடும் காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளும். டிக்கியை மெதுவாகச் சாத்துங்கள். வாட்டர் வாஷ் பிரஷர் பம்ப் பக்கம் இரண்டு நாள் போகவே வேண்டாம்.

சுத்தம் செய்வதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலான கடைகள் கோட்டை விடுவது இங்கேதான். உடைந்த மணிகளில் ஒரு பங்கு டிக்கி கதவின் உள்கூட்டுக்குள் விழுந்திருக்கும், வைப்பர் மோட்டாரைச் சுற்றியும் லாக்குக்குள்ளும். உள் டிரிம்மை (கதவின் உட்புற பிளாஸ்டிக் மூடியை) கழற்றி வேக்குவம் போடாமல் விட்டால் ஒவ்வொரு முறை டிக்கியைத் திறக்கும்போதும் சலசலக்கும், லாக்கும் சிக்கும். டிரிம் கிளிப்புகள் கழற்றும்போது உடையும், புதிது போடச் சொல்லுங்கள். ஸ்டெப்னி பள்ளம், சீட் மடிப்பு இவற்றோடு பின் சீட் பெல்ட்டின் பக்கிளையும் பாருங்கள். ஒரே ஒரு மணி அதற்குள் இருந்தால்கூட நாக்கு முழுசாக உள்ளே போகாமல் நிற்கும். ஒவ்வொன்றையும் மாட்டி, கிளிக் சத்தம் வருகிறதா என்று கேட்டு, இழுத்துப் பாருங்கள். டிரிம் கழற்றுவதும் வேக்குவமும் கூலியில் சேர்த்தியா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

இனி பணம். உங்களிடம் இருப்பது தேர்டு பார்ட்டி (அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான பாலிசி) மட்டும் என்றால் பேச்சே இல்லை, கைக்காசுதான். காம்ப்ரிஹென்சிவ் (சொந்தக் காரின் சேதத்துக்கும் சேர்த்த பாலிசி) என்றால் மட்டை விழுந்ததற்கு கிளெய்ம் உண்டு. கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். ரப்பர், பிளாஸ்டிக் மோல்டிங்குக்கு ஜீரோ டெப் (தேய்மானம் பிடிக்காத கூடுதல் பாதுகாப்பு) இல்லாவிட்டால் பாதி பிடிப்பார்கள். பசை, பிரைமர் போன்றவை கன்ஸ்யூமபிள்ஸ் (வேலையில் தீர்ந்துபோகும் பொருட்கள்), அதற்குத் தனி ஆட்-ஆன் (கூடுதலாகப் பணம் கட்டிச் சேர்த்த பாதுகாப்பு) இருந்தால்தான் கிடைக்கும். உங்கள் கார் 1500 சி.சி.க்குள் என்பதால் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய்.

ஆனால் கிளெய்ம் போட்டால் என்.சி.பி. போய்விடும். ஓர் உதாரணத்துக்கு, உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் (சொந்தக் காரின் சேதத்துக்கான பகுதி) 8,000 ரூபாய் என்று வையுங்கள். கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த புதுப்பித்தலில் 45 சதவீதம், அதன் பிறகு 50 சதவீதம் தள்ளுபடி. போட்டால் பூஜ்யத்தில் தொடங்கி 20, 25, 35, 45 என்று மறுபடி ஏற வேண்டும். இரண்டு தள்ளுபடிக்கும் உள்ள வித்தியாசம் முதல் வருடம் 3,600, பிறகு 2,400, 2,000, 1,200, 400. மொத்தம் 9,600 ரூபாய் இழப்பு. கார் பழசாகப் பழசாகப் பிரீமியம் குறையும், அதனால் உண்மையில் கொஞ்சம் குறைவாக இருக்கும். மொத்த பில் 9,000 என்றால் கிளெய்மில் கைக்கு வருவது அதிகபட்சம் 8,000. டிக்கி கதவு நசுங்கி டிங்கரிங், பெயின்ட் வரை போனால் கணக்கு தலைகீழாகும், அப்போது கிளெய்ம் போடுங்கள். உங்களுக்குக் கீறல் மட்டும்தான் என்பதால் கைக்காசில் மாற்றுவதே மேல் என்பது என் கருத்து. அதற்கு முன் பாலிசியை ஒரு தடவை பாருங்கள். என்.சி.பி. புரொடெக்ட் ஆட்-ஆன் இருந்தாலோ, கண்ணாடி மட்டும் மாற்றினால் என்.சி.பி. போகாது என்ற விதி இருந்தாலோ (சில கம்பெனிகள் தருகின்றன) தயங்காமல் கிளெய்ம் போடலாம். அப்படிப் போடுவதாக இருந்தால் கம்பெனிக்குத் தகவல் சொல்லி அவர்கள் சரி என்ற பிறகுதான் கண்ணாடியைக் கழற்ற வேண்டும்.

சர்வீஸ் சென்டரா, வெளியா? சர்வீஸ் சென்டர் சொல்லும் ஒரு வாரம் கண்ணாடி வந்து சேரும் நேரம்தான், வேலை ஒரு நாள் வேலை. பல ஊர்களில் அவர்களே கண்ணாடி ஒட்டுவதற்கு வெளியாளை அழைப்பதும் உண்டு. எனவே வெளிக் கடை என்பதற்காகப் பயப்பட வேண்டாம். சரியான வேரியன்ட் கண்ணாடி, தேதி முடியாத பி.யூ., டிரிம் கழற்றிச் சுத்தம், இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னால் வெளியாளிடமே கொடுங்கள். மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் சர்வீஸ் சென்டரிலேயே காத்திருங்கள். காரை மூடி ஷெட்டில் ஒரு வாரம் வைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

காரை எடுக்கும்போது டிஃபாகரைப் போட்டுப் பாருங்கள். வெயிலில் பார்வைக்குத் தெரியாது. கண்ணாடியின் உட்புறத்தில் வாயால் ஊதினால் பனி படரும், அது எல்லாக் கோட்டை ஒட்டியும் மறைய வேண்டும். ஒரு கோட்டில் மட்டும் மறையாமல் நின்றால் அந்தக் கோடு அறுந்திருக்கிறது. வைப்பர், வாஷர், மேலே உள்ள பிரேக் லைட் இவற்றையும் பாருங்கள். கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையே உள்ள இடைவெளி இருபக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து, ஒருவர் டிக்கிக்குள் டார்ச்சோடு இருக்க, இன்னொருவர் தோட்டத்து ஹோஸால் பிரஷர் இல்லாமல் கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கசிவு இருந்தால் எந்த உயரத்தில் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

புதுக் கண்ணாடியில் சன் ஃபிலிம் ஒட்டித் தருகிறேன் என்பார்கள். முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பது சட்டம், கறுப்பு ஃபிலிம் அதில் தேறாது. அதோடு, பின்னால் அதை உரித்தால் டிஃபாகர் கோடுகளும் சேர்ந்தே வந்துவிடலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பில்லில் கண்ணாடியின் தயாரிப்பாளர் பெயர், பார்ட் எண், கசிவுக்கு எத்தனை மாதம் உத்தரவாதம் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.