ஐசியூவில் அப்பாவின் பிபி ஏறி இறங்குவது பற்றி

தம்பி, கோபியில இருந்து கோவைக்குக் கொண்டுவந்த அப்பாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு, மானிட்டரில் பிபி 170, 135, 160ன்னு மாறிட்டே இருக்குன்னு எழுதியிருந்தீங்க. ஐசியூ நர்ஸா சொல்றேனுங்க, ஒவ்வொரு எண்ணுக்கும் பதறாதீங்க. சளி உறிஞ்சும்போது, புரட்டிப் படுக்க வைக்கும்போது, யூரின் டியூப் அடைச்சுக்கிட்டாக்கூட சட்டுனு ஏறும். மணிக்கட்டு ரத்தக்குழாயில் லைன் (பிபியை விடாம அளக்கிற மெல்லிய குழாய்) போட்டிருந்தா ஒவ்வொரு துடிப்புக்கும் எண் மாறும்.

ஆனா நாள் முழுக்க ஊசலாடினா அலட்சியமா விடக்கூடாதுங்க. மூளை ரத்தக்கசிவு வந்தவங்ககிட்ட நடத்தி 2013இல் வந்த இன்டராக்ட்-2 ஆய்வின் தரவுகளை அலசினப்போ, மேல் அழுத்தம் (பிபியில முதல்ல சொல்ற பெரிய எண்) அதிகம் ஊசலாடினவங்களுக்கு உயிரிழப்பு அல்லது பெரிய ஊனம் கூடுதலா இருந்தது. ஊசலாட்டம்தான் காரணமா, பாதிப்பு கடுமைங்கறதால ஊசலாடுதான்னு அதை வெச்சு மட்டும் அறுதியிட முடியாது. 2022 அமெரிக்க வழிகாட்டுதல்படி, லேசான அல்லது மிதமான கசிவோட, மேல் அழுத்தம் 150–220ல வந்தவங்களுக்கு 140 இலக்கு. 130–150க்குள்ள சீரா நிக்கணும், 130க்குக் கீழே இறக்கவும் கூடாது. ரத்தக்குழாய் புடைப்பு வெடிச்ச கசிவுன்னா கணக்கே வேற.

ரவுண்ட்ஸ்ல டாக்டர்கிட்ட, "இலக்கு எவ்வளவுங்க, நேத்து எவ்வளவு நேரம் அதுக்குள்ள இருந்தது, மருந்து பம்ப்ல விடாம போகுதா"ன்னு கேளுங்க. ஊர்ல சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் கையோட கொண்டு போய்க் காட்டுங்க.